நல்லிணக்கப் படிக்கட்டு

கிள்ளான், தாமான் மெலூர் அடுக்குமாடியின் புளோக் சி-யில் லிப்ட் கெட்டுப்போய்விட்டது என்று சொல்வது முறையாகாது. லிப்ட் கதவில் நிர்வாக அலுவலகம் ஒட்டியிருந்த அறிவிப்பின்படி அது ‘தற்காலிகச் சேவை இடைநிறுத்தத்தில்’ இருந்தது. அந்தத் தற்காலிகத்துக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. வெயில் பட்டு அறிவிப்பின் எழுத்து வெளுத்துப்போனபோது அலுவலகம் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. உடனடியாகப் புது அறிவிப்பு ஒட்டியது.

ஒன்பதாவது மாடியில் சிரில் இருந்தார். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை அவருடைய இடது காலை முழங்காலோடு வாங்கிக்கொண்டு, சிறுநீரகத்தையும் முடித்துவிட்டிருந்தது. செவ்வாய், வியாழன், சனி, காலை பத்தரைக்கு அவர் டயாலிசிஸ் நிலையத்தில் இருக்க வேண்டும். அதனால் வாரத்தில் மூன்று நாள் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் ஒன்பது மாடியும் இறக்கினார்கள். பிற்பகலில் ஏற்றினார்கள்.

நாலு பேரில் ஒருவன் எட்டாவது மாடி சபாபதி, லோரி ஓட்டுகிறவன். இன்னொருவர் சிரிலின் எதிர் வீட்டு அஸ்மான். மூன்றாமவர் கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் ஆ சியோங். நாலாவது, மெதடிஸ்ட் சபைக்குப் போகும் கென்னத். இதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை. லிப்ட் நின்ற முதல் வாரம் சிரிலின் மனைவி ரோசலின் படியில் நின்று அழுதபோது கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர்கள் இவர்கள்தான். கை வலித்தால் ஆளுக்கு ஆள் பக்கம் மாற்றிக்கொள்வார்கள். எந்த மதம் எந்த நாற்காலிக் காலைப் பிடிப்பது என்ற கேள்வி அதுவரை எழவில்லை.

ரோசலின் அலுவலகத்துக்குப் பதினொரு கடிதம் எழுதினார். பதினொன்றுக்கும் ‘தங்கள் கடிதம் பெறப்பட்டது’ என்று பதில் வந்தது. பன்னிரண்டாவது கடிதத்துக்கு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பக்கத்து மாரியம்மன் கோவில் தலைவர், சூராவ் என்ற சிறு பள்ளிவாசலின் தொழுகைக் குழுத் தலைவர், சீனக் கோவில் பொறுப்பாளர், தன் தேவாலயத்துப் பாதிரியார் என்று நாலு பேரையும் நடந்தே போய்ப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. சூராவ் தலைவர் கையெழுத்துப் போடும்போதே, “எங்கம்மாவும் ஆறாவது மாடிதான் புவான், ஏழு மாசமா கீழ இறங்கல” என்றார். கடிதத்தில் ஒரே வரி: லிப்டைச் சரி செய்யுங்கள். அடியில் நாலு மதத்து முத்திரை.

அந்த முத்திரைகள்தான் காரியத்தைக் கெடுத்தன.

அலுவலக அதிகாரி தனேஷ் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஆன்டி, இது லிப்ட் பிரிவுக்குப் போகாது. சமய நல்லிணக்கப் பிரிவுக்குப் போவும்.”

“லிப்ட்டப் பத்திதானே தம்பி எழுதியிருக்கு?”

“உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்கறது அடுத்த கட்டம் லா. மொதல்ல முத்திரையத்தான் பாப்போம். நாலு மதம் ஒண்ணா வந்தா அது நல்லிணக்கம்.”

நல்லிணக்கப் பிரிவு ஆரம்பித்து ஓராண்டு ஆகியும் அறிக்கையில் எழுத ஒரு நல்லிணக்கமும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தது. கடிதம் அங்கே போன மூன்றாம் நாளே பிரிவின் அழைப்பின் பேரில் பங்சாரிலிருந்து கமலநாதன் வந்துவிட்டார்.

கமலநாதன், கிள்ளான் பள்ளத்தாக்கு சமய நல்லிணக்க அமைதி மற்றும் சமூக நீதி இயக்கத்தின் தலைவர். பாத்தேக் சட்டை, மரமணி மாலை, மெல்லிய குரல். அவருடைய இயக்கம் மாதந்தோறும் ஹோட்டல் மண்டபத்தில் ‘உரையாடல் வட்டம்’ நடத்தும். நாலு மதத்து அறிஞர்கள் நாலு நாற்காலியில் உட்கார்ந்து, அன்புதான் முக்கியம் என்பதில் தங்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை என்று கண்டுபிடிப்பார்கள். பிறகு சாப்பாடு.

அவர் வந்தது ஒரு வியாழக்கிழமை. சபாபதியும் மற்ற மூவரும் வியர்வை சொட்ட சிரிலை ஐந்தாவது மாடித் திருப்பத்தில் சாய்த்துத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கமலநாதன் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார்.

“லிப்ட் எப்ப சார் சரியாவும்?” என்று ரோசலின் கேட்டார்.

“லிப்ட் ஒரு மெஷின், ஆன்டி. நான் இங்க பாக்கறது மனுஷங்க.”

“தூக்கறவங்க மனுஷங்கதான். அவங்களுக்கு இடுப்பு வலி.”

“அந்த வலிதான் சமூக நீதி,” என்றார் கமலநாதன், அதையும் குறித்துக்கொண்டார்.

படம் ஊரெல்லாம் பரவியது. ‘நாலு கை, ஒரு நாற்காலி’ என்று போட்ட சட்டைகள் வந்தன. நாலு பேருக்கு எட்டுக் கை என்று சிரில் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி படத்தில் எடுபடவில்லை என்று இயக்கம் செதுக்கு வேலை செய்த தேக்கு நாற்காலி ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தது. அது சிரிலைவிடக் கொஞ்சம்தான் எடை குறைவு. படிச்சுவருக்கு மாடிக்கு ஒரு நிறம் அடித்து, கீழே ‘நல்லிணக்கப் படிக்கட்டு’ என்று பலகை மாட்டினார்கள்.

தூக்குகிறவர்களிடமும் மாற்றம் தெரிந்தது. சபாபதி நாற்காலியைத் தொடுமுன் தலை வாரிக்கொண்டான். ஆ சியோங் பட்டறை வாசலில் தன் படத்தைப் பெரிதாக்கி ஒட்டினார். அஸ்மானும் கென்னத்தும் முன்பக்கம் யார் பிடிப்பது என்று ஒரு நாள் லேசாக வாக்குவாதப்பட்டார்கள். முன்பக்கம் பிடிப்பவர் முகம்தான் படத்தில் விழும்.

இதற்கிடையில் லிப்ட் பழுதுபார்ப்பவர் ஒருவர் கருவிப் பெட்டியோடு உண்மையாகவே வந்து சேர்ந்தார். தனேஷ் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். ரோசலின் மூச்சு வாங்க அலுவலகத்துக்கு ஓடினார்.

“ஏன் தம்பி அனுப்பிட்ட?”

“படிக்கட்டு இப்ப அங்கீகரிக்கப்பட்ட நல்லிணக்கத் தளம், ஆன்டி. லிப்ட் ஓடுச்சுன்னா படியில யாரு தூக்குவா? தூக்கலன்னா நல்லிணக்கம் பாதிக்கும். பாதிப்பு அறிக்கை இல்லாம கை வைக்க முடியாது.”

“என் வீட்டுக்காரர் பாதிக்கப்பட்டா?”

தனேஷ் நேர்மையாக யோசித்தார். “அதுக்குத் தனி விண்ணப்ப பாரம் இருக்கு” என்றார்.

அடுத்து வந்தது திறப்பு விழா. டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் சனிக்கிழமை காலை ஒன்பதாவது மாடியில் ரிப்பன் வெட்டுவார். உடனே நாற்காலி இறங்கத் தொடங்கும். எல்லாம் முடிவான பிறகுதான் டத்தோவுக்கு முழங்கால் வலி என்பது தெரிய வந்தது. அவரால் படி ஏற முடியாது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் லிப்ட் சரியாகிவிட்டது. விளக்கு எரிந்தது, மணி அடித்தது, கதவு திறந்தது. ரோசலினுக்குக் கண்ணில் நீர் வந்தது. “நாளைக்கு இதுலயே கூட்டிட்டுப் போயிடறேன்” என்றார்.

தனேஷ் குறுக்கே நின்றார். “லிப்ட் விருந்தினர்களுக்கு. அங்கிள் படியிலதான் போகணும், ஆன்டி. நிகழ்ச்சி நிரல்ல அப்படித்தான் இருக்கு.”

“நான் போகலன்னா?” என்று சிரில் கேட்டார்.

“நீங்க இல்லாம எப்படி அங்கிள்? நீங்கதான் மையக்கரு.”

சனிக்கிழமை டத்தோ பத்து மணிக்கு வர வேண்டியவர், பத்தே முக்காலுக்கு வந்தார். கமலநாதன் டயாலிசிஸ் நிலையத்தைக் கூப்பிட்டு, நாட்டு ஒற்றுமையின் பெயரால் ஒரு மணி நேரம் கேட்டார். பதினொன்றரைக்கு மேல் ஒரு நிமிடம்கூட இல்லை என்றார் தாதி. ரிப்பன் வெட்டினார்கள். தேக்கு நாற்காலி இறங்கத் தொடங்கியது. அதைக் கீழே வரவேற்பதற்காக டத்தோ தன்னுடைய பதினொரு பேரோடு லிப்டில் ஏறினார். எட்டுப் பேருக்கான லிப்ட் அது. நாலாவது மாடிக்குச் சற்று மேலே நின்றுவிட்டது.

அபாய மணி அடித்தபோது நாற்காலி ஆறாவது மாடித் திருப்பத்தில் இருந்தது. புகைப்படக்காரர் கீழிருந்து, “சீக்கிரம் வாங்க, டத்தோ மாட்டிக்கிட்டாரு” என்று கூப்பிட்டார். நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ரெண்டே நிமிஷம் அங்கிள்,” என்று சபாபதி நாற்காலியை லிப்ட் கதவுக்கு எதிரே இறக்கி வைத்தான். நாலு பேரும் ஓடினார்கள்.

ஆ சியோங் கம்பியால் கதவை நெம்பினார். டத்தோவைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். முழங்கால் வலியோடு அவரால் படி இறங்க முடியாது. நாலாவது மாடி வீட்டிலிருந்து ஒரு நாற்காலி வாங்கி அவரை அதில் உட்காரவைத்து நாலு பேரும் தூக்கினார்கள். டத்தோ பருமனானவர். ஆனால் யாரும் கை வலிக்கிறது என்று சொல்லவில்லை.

கீழே ரோசலினைப் பூத்தட்டோடு நிறுத்தியிருந்தார்கள். திருப்பத்தில் நாற்காலி தெரிந்ததும் பூ தூவ வேண்டும் என்பது அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. நாற்காலி தெரிந்தது. தூவினார். இரண்டு கை நிறைய தூவிய பிறகுதான் உட்கார்ந்திருப்பது தன் கணவர் இல்லை என்று பார்த்தார். அதற்குள் கமலநாதன் அவரை டத்தோவின் பக்கத்தில் நிறுத்திவிட்டார். கணவரை அடுத்து இறக்கிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்து ரோசலினும் நின்றார், நாலைந்து படத்துக்குச் சிரித்தார். பிறகு திரும்பிப் பார்த்தால், நாலு பேரும் தனக்குப் பின்னாலேயே வரிசையாக நிற்கிறார்கள்.

ரோசலின் ஆறு மாடி ஏறியபோது மணி பதினொன்று நாற்பது. சிரில் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

“ஒங்கள விட்டுட்டு எல்லாரும் எங்க போனாங்க?”

“ஒத்துமையா போனாங்க” என்றார் சிரில்.

ரோசலின் படியில் உட்கார்ந்து கீழே குரல் கொடுத்தார். ஒலிபெருக்கியில் டத்தோ சமூக நீதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. பேச்சு முடிந்த பிறகு நாலு பேரும் வந்து தலை குனிந்து நின்றார்கள்.

“ஏத்தறதா, எறக்கறதா ஆன்டி?” என்று சபாபதி கேட்டான்.

“இனிமே எறக்கி என்ன பண்றது. மேல கொண்டு போங்க.”

நாற்காலியைத் தூக்கும் நேரத்தில் புகைப்படக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “இங்க ஒரு நிமிஷம் பாருங்க” என்றார். சபாபதி தலைமுடியைத் தள்ளிவிட்டான். கென்னத் தோளை நிமிர்த்தினான். ரோசலினின் கை, அவர் சொல்லாமலேயே, சேலைத் தலைப்பைச் சரி செய்தது.

மறுநாள் மதியம் சிரிலுக்கு மூச்சுத் திணறல் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தார், படியில்தான். லிப்டில் புது அறிவிப்பு ஒட்டியாயிற்று. தனேஷ் நல்லிணக்கப் பிரிவுக்குத் தலைமை அதிகாரியாகிவிட்டார். கமலநாதன் இதே திட்டத்தை செலாயாங்கில் ஓர் அடுக்குமாடியிலும் தொடங்கப்போகிறார். அங்கே லிப்ட் இன்னும் ஓடுகிறது, அதற்கு ஏற்பாடு நடக்கிறது.

ஆறாவது மாடியில் எடுத்த அந்தப் படத்தை அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மிக நன்றாக வந்திருக்கிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரில் மட்டும் கேமராவைப் பார்க்காமல் எதிரே எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘நம்பிக்கையோடு எதிர்காலத்தை நோக்கி’ என்று கீழே அச்சடித்திருக்கிறார்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது லிப்ட் கதவை.