டேப் இல்லாமல் அளவெடுத்தவள்

என் மச்சினனோடு சாகும்வரை பேசுவதில்லை என்று நான் முடிவெடுத்ததற்கு மூலகாரணம், மூலம்.

எனக்கு அந்த வியாதி இருப்பது வெளியில் யாருக்கும் தெரியாது. காலமெல்லாம் தையல் மெஷின் முன்னால் பலகை ஸ்டூலில் உட்கார்ந்து சேர்த்த சொத்து அது. ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவேன். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அதைத் தொழில் நுணுக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். என் மனைவியின் தம்பி மட்டும் அப்படி நினைக்கவில்லை. ஒரு கல்யாணத்தில், அத்தனை பேர் முன்னால், குழந்தைகள் நீச்சல் பழகும் காற்று வளையத்தை ஊதி என் நாற்காலியில் வைத்து, "மாமா, இப்ப உக்காருங்க" என்றான்.

மண்டபமே சிரித்தது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். வாயைப் பொத்தினால் போதுமா? தோள் குலுங்கியதே! தோளைப் பார்த்தே அளவு சொல்கிறவனிடமா மறைப்பது?

அன்றிலிருந்து அவன் வீட்டுக்குள் வந்தால் நான் வீட்டை ஒட்டிய என் தையல் கடைக்குள் போய்விடுவேன். மனைவி டாக்டர் என்று வாயெடுத்தால், "உன் தம்பி சொல்லிக் கொடுத்தானா?" என்பேன். கீரை வைத்தால் தட்டைத் தள்ளுவேன். வியாதி என்னுடையது. அதைக் குணமாக்கி அவனுக்கு வெற்றி தேடித்தர நான் தயாராக இல்லை.

இப்படி இருக்கும்போது மகள் பிரசவத்துக்கு வந்தாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. நிறை வயிற்றோடு வந்தவள் உட்காரவே இல்லை. சோபாவைக் காட்டினேன். "பரவாயில்லப்பா, நிக்கிறேன்" என்றாள். சாப்பிடும்போதும் நின்றாள். டிவி பார்க்கும்போதும் நின்றாள். ஒரே ஒரு தடவை உட்கார்ந்தாள். கையை முதலில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, ஒரு பக்கமாக மெல்ல இறங்கி... அது என் உட்காரல். அச்சு அசல் என் உட்காரல்.

பிறகு குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்தத் தந்திரமும் என்னுடையதுதான்.

நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"என்னடி ஆச்சு அவளுக்கு?"

"ஒண்ணுமில்லீங்க."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா எதுக்குக் கேக்குறீங்க?"

"ஆஸ்பத்திரியில காட்டினியா?"

"காட்டியாச்சு. மாசமா இருக்கிறவங்களுக்கு இது சகஜமாம். குழந்தையோட கனம் கீழே அழுத்துதாம், இரும்புச்சத்து மாத்திரையில வயிறும் இறுகிப் போகுதாம். கீரை, பழம், தவிட்டு ரொட்டின்னு சாப்பிட்டு, தண்ணி நிறைய குடிக்கச் சொன்னாங்க. தினம் நடக்கணும். வெதுவெதுன்னு தண்ணி ஊத்தின டப்புல கொஞ்ச நேரம் உக்காரணும். கழிவறையில காலுக்கு ஒரு சின்ன ஸ்டூல் போட்டுக்கணும், முக்கவே கூடாது. ரத்தம் வந்தா உடனே வரச் சொல்லியிருக்காங்க."

"அப்ப அதைச் செய்ய வேண்டியதுதானே?"

"உங்க பொண்ணாச்சே, கேப்பாளா? வெக்கமா இருக்காம். நான் மட்டும் தனியா மாடு மாதிரி தழையத் தின்னணுமாங்கறா."

"நீ கூடச் சேந்து சாப்பிடு."

"எனக்கு அவ்வளவு வைராக்கியம் ஏதுங்க? இந்த வீட்டுல வைராக்கியம்னா அது நீங்கதான்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆனா வேண்டாம். தம்பிகூடச் சொன்னான், மாமாவால எல்லாம் ஒரு வாரம்கூடத் தாங்க முடியாதுன்னு."

"எவன் சொன்னான்?"

"சரி, விடுங்க."

விடுவேனா நான்?

மறுநாள் காலையில் மகளுக்கு எதிரே தட்டோடு உட்கார்ந்தேன்.

"அப்பா, நீங்க எதுக்குக் கீரை சாப்பிடுறீங்க?"

"எனக்குக் கீரைன்னா உயிரும்மா."

என் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், இருமல் என்று நினைத்தேன்.

அந்தத் தவிட்டு ரொட்டி இருக்கிறதே, அதைக் கோட்டுக் காலருக்குள் வைத்துத் தைத்தால் ஆயுசுக்கும் மடங்காது. அதையும் மென்றேன். தண்ணீர் குடித்துக் குடித்து, நடந்தால் வயிற்றுக்குள் அலையடித்தது. மாலையில் மகள் கப்பல் மாதிரி முன்னால் போவாள், நான் ஓடம் மாதிரி பின்னால் போவேன். ஒவ்வொரு வாய்க்கும், ஒவ்வொரு அடிக்கும் மச்சினன் முகத்தை நினைத்துக்கொண்டேன். பற்கள் தானாகவே அரைத்தன.

டப்பில் உட்கார மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மனைவி இரண்டு டப் வாங்கி வந்தாள்.

"ரெண்டு எதுக்குடி?"

"அவ கூச்சப்படுறாங்க. நீங்க கடைக்குப் பின்னறையில ஒண்ணுல உக்காந்து பேச்சுக் குடுங்க. நடுவுலதான் சுவர் இருக்கே."

வைராக்கியத்துக்கு வெட்கம் ஏது? உட்கார்ந்தேன்.

"என்னம்மா, உக்காந்துட்டியா?"

"அப்பா! நீங்க நிஜமாவே உக்காந்திருக்கீங்களா?"

"தண்ணிச் சத்தம் கேக்கல?"

பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு.

"சூடு போதுமாப்பா?"

"எனக்குப் போதும்மா. உனக்கு?"

இப்படியாக இரண்டு டப்புகளில் குடும்பம் நடந்தது.

அடுத்து மனைவி ஒரு கயிற்றுத் துண்டை நீட்டினாள். "இந்த அளவுல சதுரமா ஒரு மெத்தை தைங்க. நடுவுல ஓட்டை வேண்டாம்."

"அவ நாற்காலிக்கு இது சின்னதா இருக்கே?"

"சொன்ன அளவுக்குத் தைங்க."

ராஜாவுக்கு அங்கி தைப்பது போல இரட்டைத் தையல் போட்டுத் தைத்தேன். மறுநாள் அது என் ஸ்டூலில் இருந்தது.

"புதுப் பஞ்சு, விறைப்பா இருக்குங்க. அவளுக்கு ஆகாது. நீங்க உக்காந்து கொஞ்சம் பதமாக்கிக் குடுங்க."

மகளுக்காக அதையும் செய்தேன். பஞ்சு பதமாகிக்கொண்டே இருந்தது. பதமாகிவிட்டது என்று மட்டும் மனைவி சொல்லவே இல்லை.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். பார்க்க மச்சினன் வந்தான். இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தேன்! வெறும் மரப்பெஞ்சில், அவனுக்கு நேரெதிரே, கால்மேல் கால் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவனோடு பேசாத விரதத்தை உடைத்தேன்.

"பாத்தியாடா? ஒரு வாரம் தாங்க மாட்டேன்னியே!"

அவன் விழித்தான். "நானா? எப்ப மாமா? உங்க பேரை எடுக்கவே எனக்குப் பயம். அக்காகிட்ட உங்களைப் பத்திப் பேசியே வருஷக்கணக்காச்சு."

மனைவியைப் பார்த்தேன். அவள் பேத்தியின் கால்விரல்களில் ஏதோ தேடிக்கொண்டிருந்தாள்.

மகள்தான் வாயைத் திறந்தாள். "எனக்குச் சீக்கிரமே சரியாயிடுச்சுப்பா. அம்மாதான் சொல்லாதேன்னாங்க."

"அப்புறம் ஏம்மா கடைசி வரைக்கும் அந்தத் தவிட்டைத் தின்ன?"

"நான் நிறுத்தினா நீங்களும் நிறுத்திடுவீங்களே."

கடைக்கு ஓடினேன். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து மெத்தையை அளந்தேன். ஸ்டூலை அளந்தேன். நூலிழை வித்தியாசமில்லை. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற என்னை, ஒரு கயிற்றுத் துண்டால் அளந்திருக்கிறாள்.

இனி சாகும்வரை இவளோடும் பேசுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். முடிவெடுத்த களைப்பில் மெத்தையில் உட்கார்ந்தேன். நேராகத்தான் உட்கார்ந்தேன். எங்கேயும் வலிக்கவில்லை. அதை நினைத்தால்தான் பொறுக்க முடியவில்லை.

"வயிறு எரியுதுடி எனக்கு!" என்று கத்திவிட்டேன்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"அதுக்கும் கீரைதாங்க நல்லது!"