றோலண்ட் மாமாவின் பன்னிரண்டு மணி

ரேடியோப் பெட்டியின் முகத்தில் பன்னிரண்டு மணி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. வெளியே மாலை நான்கு மணி வெயில், தேயிலை மலையின் உச்சியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது.

“இராசம்மா,” என்றார் றோலண்ட், ஜன்னலைப் பார்த்தபடி. “மாஸ்டர் போட்ட புது பெட்டரி ஒரு ராத்திரிகூடத் தாங்கலைன்னு அவருகிட்ட சொல்லு.”

மாஸ்டர், அதாவது சுதாகரன், அவருக்கு இரண்டடி தூரத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தான்.

“ஒரு ராத்திரிகூடத் தாங்கலையாம் மாப்பிள்ளை,” என்றார் இராசம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

“கேட்டுச்சு மாமி. ராத்திரி கரண்ட் போச்சான்னு மாமாகிட்ட கேளுங்க.”

“கரண்ட் போச்சாங்க?”

“இந்த மலையில என்னைக்குக் கரண்ட் போகாம இருந்துச்சு? விஞ்ஞானம் படிச்சுக் குடுக்கிற மாஸ்டருக்கு அது தெரியாதான்னு கேளு.”

“தெரியாதான்னு...”

“கேட்டுச்சு மாமி.”

சுதாகரனும் ஜொய்சியும் ஹட்டன் பதிவாளர் கந்தோரில் கையெழுத்துப் போட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. கோயிலும் இல்லை, சேர்ச்சும் இல்லை. அதைவிட முக்கியமாக, ஜொய்சியின் அப்பா றோலண்டின் சம்மதமும் இல்லை. தேயிலை ஃபெக்டரியில் முப்பது வருடம் டீமேக்கராக இருந்து, தன் மூக்கைக் கேட்காமல் ஒரு இலையைக்கூட வெளியே விடாதவர் அவர். செய்தி வந்த அன்று பாதிரியாருக்கு முன்னால் சத்தியம் செய்தார்.

“அந்தப் பையன்கூட ஏழேழு ஜென்மத்துக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டேன் ஃபாதர்.”

“நமக்கு ஒரே ஜென்மந்தான் றோலண்ட்,” என்றார் பாதிரியார்.

“அப்ப அந்த ஒண்ணுலயும் பேசமாட்டேன்.”

இப்போது ஜொய்சிக்கு ஆறாவது மாதம். ஏழாம் மாதம் பிறந்ததும் தாய் வீட்டுக்குப் போக வேண்டும். போக அவளுக்கும் கொள்ளை ஆசை. ராத்திரியில் அம்மாவின் சோற்றை நினைத்துத் தலையணைக்குள் அழுவாள். காலையில் கேட்டால் தடிமன், மூக்கு ஒழுகுது என்பாள். ஆனால் அவளும் அந்த அப்பாவுக்குப் பிறந்தவள்தானே.

“அப்பா வாயால ஒங்கள மாப்பிள்ளைன்னு சொல்லட்டும். அன்னைக்கே பெட்டியக் கட்டுறேன். இல்லாட்டி புள்ளைய ஹட்டன்லயே பெத்துக்கிறேன்.”

அந்தச் சமயத்தில்தான், கடவுள் புண்ணியத்தில், றோலண்டின் ரேடியோ ஸ்கேனர் கெட்டுப்போனது.

கனடாவில் இருக்கும் மைத்துனர் அனுப்பிய பெட்டி அது. மேகத்துக்கு மேலே போகிற விமானிகள் பேசுவது, எங்கோ கடலில் கப்பல்காரர்கள் பேசுவது எல்லாம் அதில் கேட்கும். எந்த நேரத்துக்கு எந்தச் சேனல் என்று அவர் பதிந்து வைத்திருந்தார். கரண்ட் போனாலும் மணியையும் சேனல்களையும் மறக்காமல் இருக்க அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன பெட்டரி உண்டு. இப்போது அது மறந்தது. கரண்ட் போய் வந்தால் போதும், பெட்டி அப்போதுதான் பிறந்த குழந்தைபோலப் பன்னிரண்டு மணியில் நின்று விழித்தது.

“அப்பாவுக்கு அம்மாவவிட அந்தப் பெட்டிதான் ஒசத்தி,” என்றாள் ஜொய்சி. “அத மட்டும் சரி பண்ணிக் குடுங்க. மாப்பிள்ளை என்ன, மகனேன்னே கூப்புடுவாரு.”

இப்படித்தான் சுதாகரனின் ஞாயிற்றுக்கிழமைகள் தலவாக்கலை பஸ்ஸில் ஏறின.

முதல் வாரம் புது பெட்டரி. போட்டான், பிளக்கைப் பிடுங்கினான், திரும்பச் சொருகினான். மணி அப்படியே நின்றது. வெற்றியோடு ஹட்டன் திரும்பினான். மறுநாள் இராசம்மாவின் ஃபோன் வந்தது. “பன்னெண்டு காட்டுதாம் மாப்பிள்ளை.”

இரண்டாம் வாரம் ஆராய்ந்து பார்த்து, மலைப் பனியில் பெட்டரி உட்காரும் தகடு பூத்துப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்தான். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தான். தகடு பளபளத்தது. பக்கத்தில் இருந்த ஏதோ ஒன்றும் சேர்ந்து பளபளத்துக் கையோடு வந்துவிட்டது. அதை ஈயம் வைத்து ஒட்டப்போனான். பெட்டியின் முதுகில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை விழுந்தது.

“இராசம்மா, பெட்டிக்குக் காது குத்தியாச்சா, இன்னொரு காது பாக்கி இருக்கான்னு கேளு.”

மூன்றாம் வாரம் இராசம்மா மாதர் சங்கத்துக்குப் போயிருந்தார். வீட்டில் மாமாவும் மாப்பிள்ளையும் மட்டும். இன்றைக்காவது பேசித்தானே ஆக வேண்டும் என்று சுதாகரன் உள்ளுக்குள் மகிழ்ந்தான். றோலண்ட் நாயைக் கூப்பிட்டார்.

“பிளாக்கி, ஸ்க்ரூவக் கீழ போடாமக் கழட்டச் சொல்லு.”

பிளாக்கி கதவடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

“சரின்னு சொல்லு பிளாக்கி,” என்றான் சுதாகரன். வேறு வழி தெரியவில்லை.

பதிந்து வைத்த சேனல் எல்லாம் அழிந்துபோனதால் பெட்டி ஆகாயத்தையே சல்லடை போட்டுத் தேடியது. தேடித் தேடி, கீழ்த் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவின் கம்பியில்லா மைக்கில் போய் நின்றது. கோயில் தலைவர் சின்னத்தம்பியின் குரல், கிசுகிசுவென்று, ஆனால் கூடம் நிறையக் கேட்டது.

“டேய் தம்பி, இங்க வா. இந்த மைக்க எதுல அமுக்கினா நிக்கும்? பத்து வருஷமாத் தலைவரா இருக்கேன், இன்னும் தெரியல. யாருகிட்டயும் சொல்லிறாத.”

“பின்ன இவ்வளவு நாளா எப்புடித் தலைவரே நிப்பாட்டுனீங்க?”

“இடுப்புல சொருகிக்கிட்டு வாய மூடிக்குவேன். மெதுவாப் பேசு, அந்தா அம்மாக்கண்ணு வர்றா. சேலையப் பாத்தியா, தேருக்குக் கட்டுன துணியில மிச்சம் விழுந்துச்சுன்னு நெனைக்கிறேன்.”

“தலைவரே, இப்பவும் லைட்டு எரியுது மைக்குல.”

“ஐயய்யோ!”

றோலண்ட் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சுதாகரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இருவரும் ஒருவர் தொடையை ஒருவர் தட்டிக்கொள்ளாத குறை. திடீரென்று றோலண்டுக்குத் தன் சத்தியம் ஞாபகம் வந்தது. கம்பளித் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினார்.

“பிளாக்கி, பெரியவங்க பேச்சக் கேட்டு இளிக்காத.”

அன்றைக்கு வந்த பால் டீயில் சீனி தாராளமாக இருந்தது. முதல் வாரம் வெறும் பிளேன்டீதான் கிடைத்தது. தோற்கத் தோற்க உபசரிப்பு கூடியது. நான்காம் வாரம் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வந்தன, ஐந்தாம் வாரம் கோழிக்கறியே வந்தது. மாமிக்கு நம்மைப் பார்த்துப் பாவமாக இருக்கிறது என்று சுதாகரன் நினைத்துக்கொண்டான்.

சின்ன பெட்டரி சரிவராது என்று முடிவானது. சுதாகரன், மஸ்கெலியாவில் இருக்கும் தன் தம்பி சின்னராசாவின் த்ரீவீல் பெட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, வயர் இழுத்தான். சின்னராசா அங்கே த்ரீவீலை மேட்டில் நிறுத்தி, இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தான். அந்த வாரம் அவனுக்கு ஏற்றத்தில் ஹயர் எதுவும் ஓடவில்லை.

அடுத்த ஞாயிறு, வயர் இரண்டு துண்டு.

“எலி,” என்றார் றோலண்ட், ஜன்னலிடம்.

“மாமி, எலி கடிச்சாப் பிசிறு பிசிறா இருக்கும். இது கத்தரிக்கோல்ல வெட்டுன மாதிரி நேரா இருக்கே.”

“தலவாக்கலை எலிக்குப் பல்லு வரிசையா இருக்கும்னு சொல்லு இராசம்மா.”

தடித்த வயர் போட்டான். அதுவும் துண்டானது. “முள்ளம்பன்றி,” என்றார் றோலண்ட். கூடத்துக்குள் முள்ளம்பன்றி எப்படி வந்தது என்று கேட்டதற்கு, “அதுக்கு வழி சொல்லியா குடுக்கணும்?” என்று பதில் வந்தது. வயரை இரும்புக் குழாய்க்குள் விட்டு, எல்லாவற்றையும் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை இராசம்மாவிடம் கொடுத்தான். பூட்டு பூட்டியபடியே இருந்தது. மணி மட்டும் பன்னிரண்டு.

“மின்னல்,” என்றார் றோலண்ட். மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

இராசம்மா பயந்துபோனார். ஏதோ கெட்ட காற்று என்று பெட்டியின் ஏரியலில் ஒரு செபமாலையைத் தொங்கவிட்டார். கேள்விப்பட்ட சுதாகரனின் அம்மா மஸ்கெலியாவிலிருந்து திருநீறு கொடுத்தனுப்பினார். கையடக்கமாக இருந்த ஸ்கேனர், இப்போது குழாயும் பூட்டும் செபமாலையும் திருநீற்றுப் பட்டையுமாக, எந்த மதத்துக்கும் சேராத ஒரு சின்னக் கோயிலாகக் கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தது. உச்சியில் பன்னிரண்டு மணி அணையா விளக்காக எரிந்தது.

ஹட்டன் திரும்பும் பஸ்ஸில், நானுஓயாப் பக்கமிருந்து வந்த குளிர் முகத்தில் அறைந்தபோது, சுதாகரனுக்கு எல்லாம் விளங்கியது.

“எலியுமில்ல, மின்னலுமில்ல,” என்றான் வீட்டுக்குள் நுழைந்ததும். “ஒங்கப்பாதான் ஜொய்சி. நான் சரி பண்ணப் பண்ண அவரு கெடுக்கிறாரு. மாமிக்குத் தெரியாமச் சாவிய எடுத்திருப்பாரு.”

“எதுக்கு?”

“எதுக்கா? சரியாப் போச்சுன்னா என்னைய மாப்பிள்ளைன்னு சொல்லணுமே! அந்த ஒரு வார்த்தைக்கு அவ்வளவு வெறுப்பு.”

ஜொய்சி அலுமாரியைத் திறந்தாள். தாய் வீட்டுக்குக் கொண்டுபோக மடித்து வைத்திருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் அடுக்கினாள். கடைசிச் சேலையை வைக்கும்போது, “எனக்குத் தடிமன்,” என்றாள், அவன் கேட்காமலே.

அதைப் பார்த்துக்கொண்டு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அழகுமுத்துவின் மணிக்கூட்டுக் கடைக்குப் போனான். பெட்டரிகள் எல்லாம் அங்கேதான் வாங்கியிருந்தான். எதற்கு என்று அழகுமுத்து இதுவரை கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

“அண்ணே, வெட்ட முடியாத, கழட்ட முடியாத, சாமியே வந்தாலும் நிப்பாட்ட முடியாத பெட்டரி ஒண்ணு வேணும்.”

“என்னா தம்பி, மணிக்கூட்டுக்கா, ஜெயிலுக்கா?”

சுதாகரன் முழுக் கதையையும் கொட்டினான். எலி, முள்ளம்பன்றி, மின்னல், செபமாலை எதையும் விடவில்லை. கேட்கக் கேட்க அழகுமுத்துவின் கை மெதுவாகியது. கண்ணில் இடுக்கியிருந்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நீளமா ஏரியல் வச்ச பெட்டியா? கம்பளித் தொப்பி போட்ட பெரியவரா? முன்ன டீமேக்கரா இருந்தவரு?”

“அவரேதான். ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம? வாராவாரம் திங்கக்கிழமை இங்கதான வந்து நிக்கிறாரு. ‘பெட்டிக்குச் சேதம் வராம, மணி மட்டும் நிக்கிற மாதிரி ஒரு வழி சொல்லு’ம்பாரு. போன வாரம் கத்தரிக்கோலக்கூட இங்கதான் சாணை பிடிச்சாரு.”

சுதாகரனின் முகம் சிவந்தது. “பாத்தீங்களா அண்ணே? பொண்டாட்டி அங்க அழுதுகிட்டு இருக்கா. என்னையத் தோக்கடிக்கிறதுக்கு ஒரு மனுசன் இவ்வளவு பாடுபடுவாரா?”

அழகுமுத்து அவனை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“நானும் கேட்டுட்டேன் தம்பி, நல்லா ஓடுறத எதுக்குங்க கெடுக்கிறீங்கன்னு. ‘சத்தமாப் பேசாத அழகுமுத்து, அது சரியாப் போச்சுன்னா ஞாயித்துக்கிழமையில எங்க வீட்டுக்கு மாப்பிள்ளை வரமாட்டாரு’ன்னாரு.”