காக்கியைக் கண்டால் திரும்பும் கை

லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உடனே மீசை முளைக்காத பையன்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கத்துக்குட்டிகள். நான் சொல்வது பழுத்த இனம். தலை நரைத்து, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்து, மூன்று வண்டிகளைத் தேய்த்துக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, இன்னமும் "அடுத்த மாசம் எடுத்துருவேன்" என்று சொல்லிக்கொண்டே திரியும் இனம். எந்த ஊரில்தான் இல்லை? திண்டுக்கல்லில் இந்த இனத்துக்குத் தலைவர், பேகம்பூர் அப்துல் லத்தீப்.

லத்தீப் பாய்க்கு ரஸ்க் வியாபாரம். காலையில் தகர டின்னை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, சித்தையன்கோட்டை, கன்னிவாடிப் பக்கத்து டீக்கடைகளுக்கெல்லாம் சரக்குப் போட்டுவிட்டு வருவார். இதை இருபது வருடமாக ஒரு போலீஸ்காரரிடமும் சிக்காமல் செய்கிறார் என்றால் சும்மாவா? எந்த முக்கில் எந்தக் கிழமை நிற்பார்கள், தூறல் விழுந்தால் எந்த மரத்தடிக்கு ஒதுங்குவார்கள், எந்தச் சந்தில் நுழைந்தால் எந்தக் கல்யாண மண்டபத்தின் பின்வாசலைச் சுற்றிக்கொண்டு மறுபடி மெயின் ரோட்டில் முளைக்கலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சாலைக் குறிகளில் ஒன்றே ஒன்று தெரியும்: எதிரே வருகிறவன் லைட்டை இரண்டு தரம் அடித்தால் முன்னால் காக்கி நிற்கிறது. அது போதாதா? அவர் வண்டி சட்டென்று சந்துக்குள் திரும்பினால் பின்னால் வருகிற நாலைந்து வண்டிகளும் ஏன் எதற்கு என்று கேட்காமல் திரும்பும். அப்படி ஒரு நம்பிக்கை.

இதில் வேடிக்கை என்னவென்றால், தெருவில் யார் லைசென்ஸ் எடுக்கப் போனாலும் முதலில் இவரிடம்தான் யோசனை கேட்பார்கள். "எட்டுப் போடும்போது கீழ பாக்காதப்பு. தூரத்துல பாரு. கால ஊனுனியோ, போச்சு." மனைவி மெஹராஜுக்கும் இவரே குரு. அவள் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். "நீங்க எப்ப எடுக்கப் போறீங்க?" என்று அப்போதே கேட்டாள். "எனக்கெதுக்கு புள்ள? ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் லைசென்ஸு."

வினை வண்டியின் பெயரில் வந்தது. ஷோரூமில் லைசென்ஸ் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, ஸ்கூட்டரை மெஹராஜ் பெயரில் வாங்கியிருந்தார். ஒருநாள் அவள் போனுக்கு அபராதச் செய்தி வந்தது. கூடவே ஒரு படம்: ஹெல்மெட்டை டின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துக் கொட்டாவி விடும் லத்தீப். அவள் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வந்து கையை நீட்டினாள்.

"லைசென்ஸு இல்லாத ஆள்ட்ட வண்டியக் குடுத்தா, குடுத்தவ மேலயும் கேஸாம். நான் கோர்ட்டு வாசல்ல நிக்கணுமா? சாவிய இங்க வைங்க. லைசென்ஸு வந்தப்பறம் வாங்கிக்கங்க."

சாவி பீரோவுக்குள் போனது. லத்தீப் பாய் பஸ்ஸில் ஏறினார். டின்னின்மேல் யாராவது உட்கார்ந்தார்கள், இறங்குகிறவர் உதைத்தார், ஏறுகிறவர் மிதித்தார். கன்னிவாடி டீக்கடைக்காரர் டின்னைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். "ஏன் பாய், இது ரஸ்க்கா, உப்புமா ரவையா?" அடுத்த வாரம் அவர் வேறு ஆளிடம் சரக்கு எடுத்தார். இன்னும் இரண்டு கடை இப்படிப் போனால் வியாபாரத்தையே இழுத்து மூட வேண்டியதுதான். பாவம், மனிதருக்கு வேறு வழியில்லை. எல்.எல்.ஆர். போட்டார்.

"சாயங்காலம் மைதானத்துக்குப் போயி செத்த நேரம் பழகிட்டு வருவமா?" என்றாள் மெஹராஜ். கேட்கலாமா? மீனைப் பார்த்து நீச்சல் பழக வருகிறாயா என்று கேட்கலாமா? இந்த இனம் தேர்வுக்குத் தயாராகும் விதமே வேறு. சட்டைக்கு இஸ்திரி போட்டார். மீசைக்குச் சாயம் பூசினார். தேர்வு அன்று மெஹராஜ் சாவியைக் கொடுக்க, விடிந்ததும் விடியாததுமாக மைதானத்துக்குப் போய், வரிசையில் நடுங்கிக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கெல்லாம் வகுப்பெடுத்தார்.

அவர் முறை வந்தது. எட்டா போட்டார்? கோலம் போட்டார். கால் தரையைத் தொடவில்லை, வண்டி கோட்டைத் தொடவில்லை. வரிசையே வாயைப் பிளந்தது. கடைசி வளைவில் நிமிர்ந்து, பிள்ளைகளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அப்போதுதான் தேர்வு நடத்திய இன்ஸ்பெக்டர் அம்மா, காக்கி உடுப்பில், நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்.

காக்கி. கை. பக்கத்தில் திறந்திருந்த கேட். மற்றதை லத்தீப் பாயின் மூளை செய்யவில்லை. இருபது வருடப் பழக்கம் செய்தது. வண்டி கேட்டைத் தாண்டி, சந்தில் நுழைந்து, வெங்காயக் குடோனைச் சுற்றி, இன்னொரு சந்து வழியாக ஒரு டீக்கடை மறைவில் போய் நின்றது. வியர்வையைத் துடைத்து, டீ சொல்லி, கடைக்காரரை எச்சரிக்கவும் செய்தார்: "மைதானத்துப் பக்கம் போயிராதீங்க. செக்கிங் நடக்குது."

போன் அடித்தது. மெஹராஜ். "எட்டுப் போட்டாச்சா? என்ன சொன்னாங்க?"

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டே மைதானத்துக்குத் திரும்பினார். இன்ஸ்பெக்டர் அம்மா கோபப்படவில்லை. அதுதான் அவமானம். "பாய், நல்லா ஓட்டுறீங்க. நிக்கத்தான் தெரியல. நிக்கப் பழகிட்டு வாங்க."

நிற்கப் பழக்கும் பொறுப்பை மெஹராஜ் ஏற்றாள். எதிர்வீட்டு மிக்கேல்ராஜ் ஆட்டோ ஓட்டுகிறவர்; காக்கிச் சட்டை எப்போதும் உடம்பில் இருக்கும். சாயங்காலம் அவரைத் தெருமுனையில் கைதூக்கி நிற்கச் செய்து, லத்தீப்பை ஓட்டிவரச் சொன்னாள். முதல்நாள் அவர் யார் வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளோ புகுந்து, கொடியில் காய்ந்த லுங்கியோடு வெளியே வந்தார். "பாய், நான்தான், மிக்கேலு," என்று மிக்கேல்ராஜ் கத்திப் பார்த்தும் பயனில்லை. பிறகு நாளாக நாளாக வேகம் குறைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒருவழியாக நின்றார். மறு தேர்விலும் அப்படியே நின்றார். தேறினார்.

அட்டை தபாலில் வந்த அன்று மெஹராஜ் பீரோவைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். சித்தையன்கோட்டையில் அவள் அக்கா வீட்டுக்கும் போய்வரலாம் என்று பின்னால் ஏறிக்கொண்டாள். டின் நிறைய ரஸ்க், தலையில் ஹெல்மெட், சட்டைப்பையில் லைசென்ஸ். லத்தீப் பாய் ராஜாவாகக் கிளம்பினார். முதல் முக்குத்தான் வந்தது. டீக்கடை ஓரம் ஒரு காக்கி.

வண்டி சந்துக்குள் இருந்தது.

மெஹராஜ் பின்னாலிருந்து இறங்கினாள்.

"பையில என்ன இருக்கு?" என்றாள்.

"லைசென்ஸு."

"பெறகு எதுக்குத் திரும்புனீங்க?"

லத்தீப் பாய் தன் கையையே யாரோ ஒருவருடைய கையைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சாவியைக் கேட்டாள். கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்து, டின்னை மடியில் வைத்துக்கொண்டார். அவள் வண்டியை மெயின் ரோட்டுக்குத் திருப்பினாள். முக்கில் காக்கிச் சட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்த மிக்கேல்ராஜ் கையைத் தூக்கினார். "என்ன பாய், இன்னும் பழக்கம் முடியலையா?"

ஆனால் சந்திலிருந்து வெளியே வருமுன் மெஹராஜ் இன்னொன்றையும் பார்த்திருந்தாள். அவர்கள் பின்னாலேயே திரும்பி வந்த ஐந்தாறு வண்டிகள், என்ஜினை அணைக்காமல், தலைவர் என்ன சொல்வாரோ என்று காத்து நின்றன. ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்துக்கொண்டே அவள் கடந்து போனாள். ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த ஒருவர், போனில் ஏதோ பார்க்கிறவர்போலத் தலையைக் குனிந்துகொண்டாராம். பிறகு என்னிடம் அவர் சட்டையின் நிறம்வரை சொன்னாள். ஆள் யாரென்றும் கேட்டாள்.

நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை.