தோரணத்துக்கு எடுத்த நூல்

எனக்குக் கோபம் வந்தால் காது கேட்காது. இப்போது இதை வெட்கத்தோடு சொல்கிறேன். இருபத்தாறு வயதில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமையால் நான் உட்கார வேண்டிய ஒரு மேனேஜர் கதிரை போனது.

அப்போது வத்தேகமவில் ஒரு சின்னப் பயண முகவர் நிலையத்தில் வேலை. விமான டிக்கெட் போடுவோம். எங்கள் ராமசாமி முதலாளி கண்டி நகரத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடியில், புதுக் கிளை திறக்க முடிவுசெய்தார். இடத்தைத் தயார்செய்யும் பொறுப்பை என் தலையில் போட்டார்.

“பத்மா, வியாழக்கெழம பதினொரு மணிக்கு நல்ல நேரம். அந்த நேரத்துல மொத டிக்கெட் பிரிண்ட் ஆகணும். என் மச்சான் திருச்சிக்குப் போறாரு, அவருக்குத்தான் அது. நடந்துச்சுன்னா அங்க மேனேஜர் நீதான். நடக்கலேன்னா...”

மீதியை அவர் சொல்லவில்லை. தேவையுமில்லை. வத்தேகமவில் என் கதிரைக்கு மூன்று கால்தான் ஒழுங்காக இருந்தது.

இணைய இணைப்புத் தரும் கம்பனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவார்களாம். அதற்கு முன் நாங்கள் செய்துவைக்க வேண்டியவை எட்டு. தனி பிளக், காற்றுப் போகும் சின்ன அலுமாரி, கட்டடச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம், தெருப் பக்கமிருந்து அலுமாரிவரை குழாய் என்று வரிசையாக இருந்தது. ஏழாவது: குழாய்க்குள் கேபிளை இழுப்பதற்கு ஒரு நூல் விட்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி அடையாளம் போட்டுக் கையெழுத்து வைத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

திங்கட்கிழமை ஒவ்வொன்றாகப் பார்க்காமலே எட்டுக்கும் சரி போட்டு அனுப்பினேன். நான் பொய் சொல்லவில்லை. திங்கட்கிழமை எட்டும் இருந்தன.

சுவருக்குள் குழாய் பதித்தவர் தெல்தோட்டையிலிருந்து வந்த மேசன் கருப்பையா அண்ணன். ஒரு வயர்கூட வெளியே தெரியக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. சுவருக்கு நிறம் தெரிவுசெய்யவே மூன்று வாரம் எடுத்தவர் அவர். (கடைசியில் தெரிவுசெய்தது பழைய நிறத்தைத்தான்.) அதனால் அண்ணன் சுவரை வெட்டி, மூன்று இடத்தில் குழாயை வளைத்து, மேலே பூசி மூடிவிட்டார். நல்ல வேலை. ஆனால் தரையெல்லாம் சீமெந்துத் தூள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“தங்கச்சி, ஒரு விசயம். அந்தக் கொழாயில...”

“கொழாய அப்புறம் பாக்கலாம். மொதல்ல தரையக் கூட்டுங்க.”

“அதில்ல தங்கச்சி, உள்ள வந்து...”

“கூட்டுங்கன்னு சொன்னேன்ல!”

அவர் கூட்டினார். தும்புத்தடியை மூலையில் வைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். போய்விட்டார்.

புதன்கிழமை மாலை வாசலுக்கு மாவிலைத் தோரணம் கட்ட வேண்டும். இலை இருந்தது. நூல் வாங்க மறந்துவிட்டேன். கீழே போய் வாங்கச் சோம்பல். அப்போது அலுமாரிக்குள் ஓர் ஆணியில் நீல நைலோன் நூல் சுற்றியிருப்பதைக் கண்டேன். அதன் மறுமுனை சுவருக்குள் போயிருந்தது. சுவரின் தெருப் பக்கத்தில் இருந்த இன்னோர் ஆணியிலும் அதே நூல். மேசன்மார் எதையும் ஒழுங்காக முடிக்கமாட்டார்கள் என்று எரிச்சலோடு இரண்டு ஆணியிலிருந்தும் அவிழ்த்து இழுத்தேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நூலை வீணாக்கியிருக்கிறாரே என்று மனதுக்குள் ஏசினேன்.

தோரணம் அழகாக இருந்தது. அதை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.

வியாழக்கிழமை சரியாக ஒன்பதுக்குக் கம்பனியிலிருந்து நிசார் நானா வந்தார். அமைதியான மனிதர்; ‘இருக்கு’ அவர் வாயில் ‘ஈக்கி’ ஆகும். அலுமாரியைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார், குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

“நூல் எங்க புள்ள?”

“என்ன நூல்?”

“கடிதத்துல ஏழாவது. நீங்க சரி போட்டு ஈக்கி.”

தன்னிடமிருந்த இரும்புக் கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தார். இரண்டாவது வளைவில் நின்றது. மறுபக்கமிருந்து விட்டார். அங்கேயும் நின்றது. கேபிளுக்குள் இருப்பது கண்ணாடி நார், இடித்துத் தள்ளினால் முறிந்துவிடும் என்றார். கீழே கடையில் புது நூல் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.

“வெளிய எவ்வளவு நூல் ஈந்தாலும் என்ன புள்ள? உள்ளுக்கு ஈக்கணுமே.”

மணி பத்தரை. முதலாளி பட்டு வேட்டியில் வந்துவிட்டார். மச்சான் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். ஐயர் தேங்காயோடு தயார். என்ன பிரச்சினை என்று முதலாளி கேட்டார். எனக்கு ஒரு குற்றவாளி உடனடியாகத் தேவைப்பட்டது. மேசனுக்குப் போன் அடித்தேன். அவர் மாட்டிக்கொள்வதை எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் போட்டேன். (இந்த யோசனையும் என்னுடையதுதான்.)

“என்ன வேல செஞ்சிருக்கீங்க அண்ணே? கொழாய்க்குள்ள நூல் விடவே இல்லையே!”

“விட்டேனே தங்கச்சி. நீல நைலோன். ரெண்டு பக்கமும் ஆணியில சுத்தி வச்சேன். உருவிடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன், நீங்க கூட்டச் சொல்லிட்டீங்க.”

முதலில் நிசார் நானா வாசலை அண்ணாந்து பார்த்தார். பிறகு முதலாளி. பிறகு மச்சான். ஐயர்கூடப் பார்த்தார். காற்றுக்கு மாவிலை ஆடியது. நடுவில் நீல நூல் நன்றாகவே தெரிந்தது.

“ஹலோ? தங்கச்சி, நூல் இருக்கா?” என்று போன் கேட்டது.

“இருக்கு,” என்றார் முதலாளி.

திரும்பவும் சுவரை உடைக்க நேரமில்லை. வேறு நாள் என்றால் மூன்று வாரமாகும் என்றார் நிசார் நானா. கடைசியில் கேபிளை வெளியாலேயே கொண்டுவந்தார். படிக்கட்டு வழியாக, வாசல் நிலைக்கு மேலாக, தோரணத்தை ஒட்டியே, மூன்று வாரம் யோசித்த சுவரின் குறுக்கே, அடிக்கொரு கிளிப் அடித்து. ஒவ்வொரு அடிக்கும் முதலாளியின் கண் ஒருமுறை மூடித் திறந்தது. முதல் டிக்கெட் பிரிண்ட் ஆகும்போது மணி பன்னிரண்டே முக்கால். நல்ல நேரம் முடிந்து, ஐயரும் போயிருந்தார்.

மச்சான் திருச்சிக்குப் போனார். அவருடைய பெட்டி போகவில்லை. அதற்கும் நான்தான் காரணம் என்று அந்த வீட்டில் இன்றும் நம்புகிறார்கள்.

நான் வத்தேகமவுக்கு, பழைய கதிரைக்கே திரும்பினேன். கண்டிக் கதிரை பத்து மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அதில் உட்கார்ந்தால் நேரெதிரே அந்தக் கேபிள். கருப்பையா அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அந்தப் பத்து மாதமும் தேவைப்பட்டது. “பரவால்ல தங்கச்சி, தோரணம் நல்லா இருந்துச்சாமே?” என்றார். ஏசியிருந்தால் தேவலை.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் என் கல்யாணத்துக்கு முதலாளி வந்தார். முன் வரிசையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம், மண்டபமே அமைதியாக இருந்தபோது, சத்தமாகச் சொன்னார்:

“மாப்பிள, முடிச்ச நல்லா இறுக்கிப் போடுங்க. இந்தப் புள்ள நூலக் கண்டா உருவிடும்.”

நாதஸ்வரக்காரர் சிரித்ததில் கெட்டிமேளம் பிந்தியது.

இப்போதும் வீட்டில் நான் சத்தம் போட ஆரம்பித்தால் என் கணவர் பதில் பேசமாட்டார். என் கழுத்தை எட்டிப் பார்த்துவிட்டு மகளிடம், “இருக்கு, இருக்கு,” என்பார்.

இருக்கிறது. உருவ நினைத்த நாட்களும் உண்டு.