நான் இந்தியாவாக இருந்த அரை மணி நேரம்

நான் ஒருமுறை இந்தியாவாக இருந்திருக்கிறேன். அரை மணி நேரம்தான். அதற்கே முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

நான் ஓசூரில் பெயிண்ட் மேஸ்திரி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. கூச்சத்தில் மட்டும் பெரிய படிப்பு. கல்யாணப் பந்தியில் பாயசம் என் இலையைத் தாண்டிப் போனால் கூப்பிட மாட்டேன். திரும்பி வரும்போது விழுந்தால் சரி. என் மனைவி ரத்னா நேர் எதிர். வேப்பனப்பள்ளிக்காரி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேரம் பேசுவாள், மூன்றிலும் சண்டை போடுவாள்.

அதிகமாக டப்பா வாங்கிய மேஸ்திரிகளை ஜோடியோடு சிங்கப்பூர் கூட்டிப்போவதாக ஒரு பெயிண்ட் கம்பெனி சொன்னது. அந்த வருடம் ஓசூரில் மழைக்குக் காளான் முளைப்பது போல தொழிற்சாலை ஷெட்டுகள் முளைத்தன. நானும் அடித்துத் தள்ளினேன். எங்கள் பக்கத்திலிருந்து நான்கு ஜோடி கிளம்பினோம்.

விமான நிலையத்திலேயே ஏரியா மேனேஜர் பிரபு சார் எங்களை வட்டமாக நிறுத்தினார்.

“போன வருஷம் போனவங்க ஓட்டல் நீச்சல் குளத்துல வேட்டி துவைச்சாங்க. சோப்பு போட்டு! இன்னும் ஒரே ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தா கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கே டூர் கிடையாதுன்னு ஹெட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அங்க யாரும் உங்கள மாதேஷு, சிவலிங்கம்னு பாக்க மாட்டாங்க. இந்தியான்னுதான் பாப்பாங்க. ஒருத்தர் மூக்கச் சிந்தினா நூத்திநாப்பது கோடி பேரும் சிந்தின மாதிரி!”

“அவ்ளோ பேருக்கும் சளியா சார்?” என்றார் ஊத்தங்கரை சிவலிங்கம்.

மேனேஜர் சிரிக்கவில்லை. என் தோளைப் பார்த்தார். “மாதேஷு, அந்தத் துண்டு பைய விட்டு வெளிய வரக் கூடாது.”

தோளில் கிடந்த துண்டை உருவிப் பைக்குள் திணித்தேன். ரத்னாவின் தம்பி முனிராஜும் பெயிண்டர்தான். அடுத்த வருஷ டூருக்கு இப்போதே பாஸ்போர்ட் எடுத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூப்போட்டுக்கொண்டிருந்தான். என்னால் டூர் நின்றுபோனால், அப்புறம் மாமியார் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்ற முடியாது.

அதனால் சிங்கப்பூரில் நான் நடமாடும் சிலையாக இருந்தேன். தும்மலைக்கூட விழுங்கினேன். லிப்டில் மூச்சை அடக்கிக்கொண்டே மேலே போனேன். (ரத்னா முதுகில் தட்டி மூச்சு விட வைத்தாள்.) மற்றவர்கள் அப்படியில்லை. பஸ்சில் பாட்டு, ரோட்டில் கூச்சல், வரிசையில் முந்துவது என்று நாட்டை நன்றாகவே காட்டிக்கொண்டிருந்தார்கள். கத்திக் கத்தி மேனேஜருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். சுற்றிலும் கடைகள், நடுவில் மேசைகள். கூட்டமோ, தீபாவளிக்கு முந்தின நாள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஊத்தங்கரை வண்டி வந்து நின்ற மாதிரி. எங்கும் இடமில்லை. அப்போதுதான் அந்தப் பெரிய மேசை என் கண்ணில் பட்டது. காலி! மேலே பிரிக்காத டிஷ்யூ பாக்கெட் ஒன்று மட்டும்.

‘அடடா, என்ன நாடு! வேர்த்து வருபவனுக்கு டிஷ்யூகூட எடுத்து வைத்திருக்கிறார்களே’ என்று உருகிப்போனேன். கைகாட்டி எல்லோரையும் கூப்பிட்டேன். (என் வாழ்க்கையில் நானாக எடுத்த முதல் முடிவு.) எட்டுப் பேரும் உட்கார்ந்தோம். பாக்கெட்டைப் பிரித்தேன். முகம் துடைத்தேன், கழுத்து துடைத்தேன். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த மூக்கையும் சிந்தினேன். சிவலிங்கத்துக்கு இரண்டு தாள் தானம் செய்தேன்.

நிமிர்ந்தால், தட்டோடு ஒரு சீனத்து அம்மா நிற்கிறார். பின்னால் அவர் குடும்பம், ஆளுக்கொரு தட்டோடு. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

“என்னா மாமா, அந்தம்மா உன் மூக்கையே பாக்குது?” என்றாள் ரத்னா.

பக்கத்துப் பரோட்டாக் கடையிலிருந்து ஒரு தமிழ்க்குரல் வந்தது. “அண்ணே, எந்திரிங்க! அது அவங்க எடம். இங்க டிஷ்யூ வச்சா எடம் புடிச்சிருக்குன்னு அர்த்தம்.”

சிந்திய தாளை அவசரமாகச் சட்டைப் பையில் திணித்தேன். தூரத்தில் மேனேஜர் தலையில் கைவைத்தபடி ஓடி வருவது தெரிந்தது. மச்சானின் பாஸ்போர்ட்டில் பூ வாடுவதும் தெரிந்தது.

சிவலிங்கம் நியாயம் பேச ஆரம்பித்தார். “வெறும் காயிதத்த வச்சா எடமாயிடுமா? காலியா இருந்திச்சு, குந்தினோம்.”

அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. இது காகிதமே இல்லை. பஸ் ஜன்னல் வழியாகப் பறந்து வந்து சீட்டில் விழுமே, அது!

நாற்பத்தைந்து வருடமாக வெளியே வராத குரல் வந்தது. “யோவ், அது துண்டுய்யா! துண்டு போட்டு வச்சிருக்காங்கய்யா!”

“அய்யய்யோ, துண்டா?” என்று துள்ளி எழுந்தார் சிவலிங்கம். அடுத்த நொடி எட்டுப் பேரும் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் ஊரில் பங்காளி வரப்பை வெட்டுவான், கோர்ட்டுக்கும் போவான். ஆனால் அடுத்தவன் துண்டு கிடக்கும் சீட்டில் மட்டும் உட்கார மாட்டான். மேனேஜரின் மூன்று நாள் கத்தலுக்கு அசையாதவர்கள் இந்த ஒரு சொல்லுக்கு வரிசையாக நின்றார்கள்.

நான் பையிலிருந்து துண்டை உருவி மேசையைத் துடைத்தேன். (சுவரைத் தேய்த்துப் பழகிய கை. மேசை பளபளத்தது.) கைகூப்பினேன். மூன்று மொழியும் செல்லாத இடத்தில் ரத்னா நடித்தே காட்டினாள்: பஸ் வருவது, ஜனம் ஓடுவது, துண்டை வீசுவது, பொத்தென்று குந்துவது. அந்தம்மா முதலில் விழித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

பரோட்டாக்காரர் மொழிபெயர்த்தார். “உங்க ஊரும் எங்க ஊரு மாதிரிதான் போலன்னு சொல்றாங்கண்ணே.”

அவர்களே நெருங்கி உட்கார்ந்து எங்களுக்கும் இடம் விட்டார்கள். அந்தம்மா பையிலிருந்து புது டிஷ்யூ பாக்கெட் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். மேனேஜர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது எல்லோரும் போட்டோவுக்கு நின்றிருந்தோம். ஹெட் ஆபீசுக்குக் கம்ப்ளெயிண்ட் போகவில்லை, அந்தப் போட்டோதான் போனது. நடுவில் நான், துண்டும் கையுமாக. அடுத்த வருஷம் மச்சான் சிங்கப்பூர் போய்வந்தான், பெட்டி நிறைய டிஷ்யூ பாக்கெட்டோடு.

இப்போதும் வீட்டில் நான் மூக்கைச் சிந்தினால், “எத்தினி கோடிப் பேரு மாமா?” என்று ரத்னா கேட்பாள்.

போன பொங்கலுக்கு ஓசூரில், சிங்கப்பூர் அம்மா கொடுத்த பாக்கெட்டைக் கிருஷ்ணகிரி வண்டி ஜன்னல் வழியாக வீசி இடம் பிடித்தாள் ரத்னா. இடித்துப் பிடித்து ஏறிப் பார்த்தால், எங்கள் சீட்டில் ஒருவர் சம்சாரத்தோடு உட்கார்ந்து, பாக்கெட்டைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இப்பல்லாம் பஸ்ல இதுகூட வெக்கிறாங்கண்ணா, பரவால்ல” என்று எனக்கும் ஒரு தாள் நீட்டினார்.

ரத்னா வாயைத் திறந்தாள். நான் அவள் கையை அழுத்தினேன். தாளை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கிருஷ்ணகிரி வரைக்கும் நின்றுகொண்டேதான் போனோம். வழி முழுக்க நான் சிங்கப்பூராக இருந்தேன்.