மத்தியானம் இறங்கிய சத்தம்

உலகத்தோடு பேசுவது என்று கோவிந்தசாமி முடிவு செய்தார். பக்கத்து வீட்டுக்காரரோடு அவருக்குப் பேச்சு நின்று ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆபீசில் மேலதிகாரியைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மனைவியோடு பேசலாம்தான், ஆனால் கடைசி வார்த்தை ஒருநாளும் இவருக்குக் கிடைத்ததில்லை. மிச்சம் இருந்தது உலகம் ஒன்றுதான்.

இது 1929இல், சிங்கப்பூரில். அவர் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. குடியிருப்பு சிராங்கூன் ரோட்டில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில். அங்கே பின்னறையில் ஒரு மேஜை போட்டு, அதன்மேல் ஒரு பலகை வைத்து, பலகையில் ஒரே ஒரு ரேடியோ வால்வையும் நாலைந்து செப்புச் சுருள்களையும் தந்தி தட்டுகிற கீ ஒன்றையும் பூட்டியிருந்தார். கூரையிலிருந்து கொல்லைத் தென்னைமரம் வரைக்கும் ஏரியல் கம்பி ஓடியது. இத்தனைக்கும் சேர்த்து அதன் சக்தி மூன்று வாட். அந்த மூன்று வாட்டை விளக்கில் விட்டால் பக்கத்தில் கிடக்கும் செருப்புகூடத் தெரியாது. அதை வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவைப் பிடிக்கப் போவதாகச் சொன்னார்.

"ஆஸ்திரேலியாவுல நமக்கு யாருங்க இருக்கா?" என்று கேட்டாள் மனைவி சந்திரமதி.

"யாரும் இல்ல. அதனாலதான் பேசணும்."

"தேக்கா பாசார்ல மீன்காரன் இருக்கான். நாலு நாளா பழைய மீனையே தள்ளி விடுறான். அவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்கன்னா பேச மாட்டேங்கிறீங்க."

"அதுல சயின்ஸ் இல்ல சந்திரா."

"நாத்தம் இருக்கு."

கம்பியில்லாத் தந்திக்கு அரசாங்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்குப் பரீட்சை உண்டு. புள்ளியும் கோடுமாகத் தட்டத் தெரிய வேண்டும், கேட்டு எழுதத் தெரிய வேண்டும். சந்திரமதி மிஷன் பள்ளியில் ஏழாவது வரை இங்கிலீஷ் படித்தவள். ஆகவே புத்தகத்தை அவள் கையில் கொடுத்து எழுத்துகளைச் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள், இவர் தட்டினார். இவர் தப்பாகத் தட்டிய இடத்தை அவள் அரிசி புடைத்துக்கொண்டே திருத்தினாள். நாலு மாதம் இப்படி நடந்தது. மூன்றாவது தடவை அவர் பாஸ் செய்தார். பாஸ் செய்த அன்றே அவர் முதலில் சொன்ன காரியம் இதுதான்:

"இனிமே நீ இந்த மேஜை கிட்ட வரக்கூடாது. ஷாக் அடிச்சா கருகிப் போயிடுவ."

"சரிங்க," என்றாள் சந்திரமதி.

இவ்வளவு அவசரத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. செலேகி ரோட்டில் ஒரு மாடியில் இவரைப்போல இருபத்திரண்டு பேர் சேர்ந்து சங்கம் நடத்தினார்கள். தந்தி ஆபீசில் முப்பது வருஷம் கீ தட்டி ஓய்வு பெற்ற நூர்தீன் மரைக்காயர் அதற்குத் தலைவர். செயலாளர் நாற்காலி காலியாக இருந்தது. ஐந்து வாட்டுக்குக் குறைந்த கருவியை வைத்து யார் இரண்டாயிரம் மைல் தாண்டுகிறார்களோ அவர்களுக்கு அந்த நாற்காலி என்று மரைக்காயர் அறிவித்துவிட்டார். தாண்டினேன் என்று வாயால் சொன்னால் செல்லாது. அந்தப் பக்கத்து ஆசாமி, இன்ன தேதி இன்ன மணிக்கு உம்மைக் கேட்டேன் என்று தன் கையெழுத்துப் போட்டுத் தபாலில் ஒரு கார்டு அனுப்ப வேண்டும். அந்தக் கார்டுதான் அத்தாட்சி.

கோவிந்தசாமிக்கு அந்த நாற்காலி வேண்டும். முப்பத்தெட்டு வயதாகியும் அவரை யாரும் எதற்கும் தலைமை தாங்கக் கூப்பிட்டதில்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கத்தான் கூப்பிடுவார்கள்.

தினமும் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் உலகத்தைக் கூப்பிட்டார். உலகம் ஏனென்று கேட்கவில்லை. மூன்று மாதம் ஓடிப்போனது. அப்புறம் ஒரு நாள் பெர்த் நகரத்திலிருந்து கார்டு வந்தது.

அவர் அதை ஏழு தடவை படித்தார். முதல் தடவை சந்தோஷத்தில், மிச்ச ஆறு தடவையும் குழப்பத்தில். கார்டில் இப்படி இருந்தது: 'சிங்கப்பூர் நேரம் பிற்பகல் 2.10க்கு உங்களைத் தெளிவாகக் கேட்டேன். மிக மென்மையான கை உங்களுக்கு. நீங்கள் சொன்ன மிளகு ரசம் வைத்துக் குடித்தேன். சளி போய்விட்டது. நன்றி.'

பிற்பகல் 2.10க்கு அவர் ஆபீசில் சாக்கு மூட்டைகளுக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். அவர் கை மென்மையானதும் இல்லை. அவர் தட்டுவதைக் கேட்டால் தச்சுவேலை நடக்கிறது என்றுதான் கீழே ஜவுளிக்கடைக்காரர் நினைப்பார். ரசத்தில் மிளகு போடுவார்களா என்பதும் அவருக்கு நிச்சயமாகத் தெரியாது.

ஒரு பம்பளிமாஸ் பழத்தைப் பூமியாகவும் மேஜை விளக்கைச் சூரியனாகவும் வைத்துச் சுற்றிப் பார்த்தார். எப்படிச் சுற்றினாலும் பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. சந்திரமதி வந்து பூமியை உரித்து ஒரு சுளை கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் இன்னொரு கார்டு. அதற்கடுத்த வாரம் இரண்டு. எல்லாம் பகல் இரண்டு மணி, இரண்டரை மணி. ஒருத்தர் தலைவலிக்குச் சுக்குப் பற்றுப் போட்டுக் குணமானதாக எழுதியிருந்தார்.

"சந்திரா, மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டுக்கு யாராச்சும் வர்றாங்களா?"

"யாரும் வரலையே. நான்தான் இருக்கேன்."

"பின்னறையில ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"என்ன சத்தம்?"

"நீங்க ராத்திரி தட்டுற அதே சத்தந்தான். கொஞ்சம் நல்லா இருக்கும்."

பேயாக இருக்குமோ என்று கோவிந்தசாமி யோசித்தார். பேய்க்கு லைசென்ஸ் கொடுக்க மாட்டார்கள் என்று தேற்றிக்கொண்டார். ரசக் கரண்டியோடு நின்றிருந்த சந்திரமதி மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, ராத்திரி எட்டு மணிக்கு அனுப்பினா அது எப்பப் போய்ச் சேரும்?"

"உடனே. கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள."

"பெரிய பெரிய ஸ்டேஷன்காரங்க அனுப்புறதும் அப்படித்தானா?"

"ஆமா."

"அவங்களுக்கு ஆயிரக்கணக்குல வாட்டு. நம்மளுக்கு மூணு. ரெண்டும் ஒரே வேகத்துலயா போகும்? பாவம், நடுவுல எங்கயாச்சும் படுத்து எந்திரிச்சுப் போகுதோ என்னமோ."

சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கோவிந்தசாமி நாற்காலியைவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். மூன்று வாரக் குழப்பம் ஒரே நொடியில் தெளிந்த மாதிரி இருந்தது. அரை மணி நேரத்தில் அந்த யோசனை அவருடையதாகவே ஆகிவிட்டது. அதற்கு 'தூங்கும் அலைத் தத்துவம்' என்று பெயரும் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை ஆபீஸ் அரைநாள். ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரை அவர் அந்த மேஜையைத் துடைத்துக்கொண்டிருப்பது வழக்கம். அந்தச் சனிக்கிழமை சங்கத்தில் சொற்பொழிவு செய்யப் போவதாகச் சொன்னதும் சந்திரமதி சட்டையை அவளே தேய்த்துக் கொடுத்தாள்.

"ரெண்டு மணிக்கு ஆரம்பிங்க. அவசரப்படாம அஞ்சு மணி வரைக்கும் பேசுங்க. அங்க கேக்குற பெட்டி இருக்குமா?"

"இருக்கும். ஏன்?"

"நம்ம ஊர்லயும் கொஞ்சம் எறங்கும்ல? எல்லாரும் காதால கேட்டாத்தானே நம்புவாங்க."

நியாயமாகப் பட்டது. தனக்கே தோன்றியிருக்க வேண்டிய விஷயம் என்று நினைத்தார். மின்சார பஸ் ஏறி டோபிகாட் பக்கம் இறங்குவதற்குள் அதுவும் அவருக்கே தோன்றியதாகிவிட்டது.

சங்கத்து மாடியில் இருபத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். கோவிந்தசாமி நாலு கார்டுகளையும் மேஜையில் பரப்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சபையோர்களே, பெரிய நிலையங்களின் அலை ரயிலில் போகிறது. நம்மைப் போன்ற ஏழைகளின் அலை நடந்து போகிறது. ராத்திரி எட்டு மணிக்கு என் வீட்டிலிருந்து புறப்படும் அலை, பதினெட்டு மணி நேரம் நடந்து, மறுநாள் பகல் இரண்டு மணிக்குப் பெர்த் சேருகிறது. மணிக்கு நூற்று முப்பத்துமூன்று மைல். நடந்ததில் இளைத்துவிடுவதால் தட்டும் கை மென்மையாகக் கேட்கிறது."

"ரசம்?" என்று கேட்டார் நூர்தீன் மரைக்காயர். அவர் கார்டுகளை மூக்குக்கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏரியல் கம்பி சமையலறைக் கூரைக்கு மேலே போகிறது. வழியில் கிடைத்ததையும் அலை எடுத்துக்கொண்டு போகிறது."

மரைக்காயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருஷத் தந்தி அனுபவத்தில் அவர் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

"தம்பி, நிரூபிக்க முடியுமா லா?"

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கு அனுப்பியிருக்கேன் பாய். இப்ப ரெண்டு அஞ்சு. பெட்டியத் திருகுங்க."

மரைக்காயர் கேட்கும் பெட்டியைத் திருகினார். கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம் தெளிவாக, பக்கத்து அறையில் தட்டுவதுபோல, கோவிந்தசாமிக்கு அரசாங்கம் கொடுத்த அடையாள எழுத்துகள் வந்தன. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. கோவிந்தசாமி இதோ நிற்கிறார், இரண்டு கையும் கோட்டுப் பைக்குள் இருக்கிறது, அவருடைய சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது. இருபத்திரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். யாரோ கை தட்டினார்கள். கோவிந்தசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொன்னது நடக்கிறது.

"இருங்க, இருங்க. பேச்சு வருது," என்று மரைக்காயர் பென்சிலை எடுத்தார். கேட்கக் கேட்க எழுதி, சபைக்குத் தமிழில் சொன்னார்.

"பெர்த்துக்கு வணக்கம்... இன்னைக்கு நிதானமாப் பேசலாம்... என் வீட்டுக்காரர் வீட்ல இல்ல... அஞ்சு மணிக்குத்தான் வருவார்."

கோவிந்தசாமி பென்சிலையே பார்த்தார். "வீட்டுக்காரரா? எந்த வீட்டுக்காரர்?" என்றார். அந்த நேரத்திலும் அவருக்குப் புரியவில்லை.

"ராத்திரி அனுப்புற அலை தூங்கி எந்திரிச்சு மத்தியானம் எறங்குதுன்னு சொற்பொழிவு செய்யப் போயிருக்கார்... நல்ல மனுஷன்... கை மட்டும் கொஞ்சம் முரடு."

தட்டுவது நின்றது. அப்புறம் தூரத்திலிருந்து, மெலிதாக, பெர்த்தின் பதில் வந்தது. நாலு புள்ளி, இரண்டு புள்ளி. மறுபடி நாலு புள்ளி, இரண்டு புள்ளி. கம்பியில்லாத் தந்திக்காரர்கள் சிரிப்பதை அப்படித்தான் தட்டுவார்கள். பெர்த் சிரித்துக்கொண்டே இருந்தது. இரண்டாயிரத்து நானூறு மைல் தாண்டி வந்த சிரிப்பில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. சபையும் சேர்ந்துகொண்டது.

மரைக்காயர் பெட்டியை அணைத்துவிட்டு அவர் தோளில் கை வைத்தார்.

"தம்பி, நீங்க கட்டியிருக்கிற அலைநீளம் பகல்லதான் தூரம் போகும். பகல்ல வானத்துல ஒரு கூரை இருக்கு, அதுல மோதிக் கீழ எறங்கும். ராத்திரி அந்தக் கூரை லேசாயிடும். அலை பொத்துக்கிட்டு வெளிய போயிடும்."

"வெளியன்னா?"

"சந்திரன் பக்கம். மூணு மாசமா நீங்க அங்கதான் பேசியிருக்கீங்க லா."

"அவ எப்படி பாய் பகல் நேரத்தக் கண்டுபிடிச்சா?"

"எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? வீட்ல கேளுங்க."

வீட்டில் சந்திரமதி காப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டம் எப்படிங்க?"

"எல்லாரும் சிரிச்சாங்க."

"பெர்த்தும் சிரிச்சுச்சு. கேட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தொட்டா கருகிப் போயிடுவேன்னு சொன்னீங்க. கருகினதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"பகல்லதான் போகும்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. ரெண்டு மணிக்குத்தான் எனக்கு வேலை ஒழியும்."

அவருக்கு அவமானமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. தன் மேஜை, தன் வால்வு, தன் மூன்று வாட், பெர்த் வரைக்கும் போயிருக்கிறதே. எதை முதலில் படுவது என்று தெரியாமல் காப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டாள்.

அடுத்த பரீட்சையைச் சந்திரமதி எழுதினாள். முதல் தடவையே பாஸ். வாக்கு வாக்குதான் என்றார் மரைக்காயர், ஐந்து வாட்டுக்குக் கீழே இரண்டாயிரம் மைல் தாண்டியது யாரோ அவர்களுக்கே நாற்காலி. ஆட்சேபிப்பவர் உண்டா என்று கேட்டபோது கோவிந்தசாமி பாதி கை தூக்கினார். சந்திரமதி திரும்பிப் பார்த்ததும் தலையைச் சொறிந்துகொண்டார்.

கூட்டத்தில் நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதுவது செயலாளரின் முதல் கடமை. அந்த மாதப் பக்கத்தை மரைக்காயர் சபையில் உரக்கப் படித்தார்.

"செயலாளர் ஒரு மணி நேரம் உரையாற்றினார். செயலாளரின் கணவர் நாற்காலிகளை அடுக்கினார்."