படி தாண்டாத சீமைமாதுளை

அக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. காப்பியைக் குடித்து முடித்துக் கோப்பையை ‘டங்’ என்று மேஜைமேல் வைத்தேன். அறிவித்தேன்.

“இந்த வருஷம் நம்ம மரத்துச் சீமைமாதுளை ஒரு துண்டுகூட இந்த வீட்டுப் படியைத் தாண்டாது!”

என் மனைவி வதாத் குழந்தைக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதப் பிள்ளை, பெயர் தன்னூஸ். அவன் பிறந்த நாளிலிருந்து எனக்குச் சொந்தப் பெயர் கிடையாது. நஸ்ரி என்று யாராவது கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்ப்பதில்லை. ஊருக்கெல்லாம் நான் அபூ தன்னூஸ், அதாவது தன்னூஸின் அப்பா. பெயர்தான் போயிற்று, பழமாவது மிஞ்ச வேண்டாமா?

“அதுவாவா தாண்டப் போகுது? அதுக்கென்ன காலா இருக்கு?” என்றாள் வதாத்.

“போன வருஷம் முளைச்சுதே! மூணு தாம்பாளம் தார்த் சுட்டே. எனக்கு எத்தனை துண்டு வந்துது?”

“ஒண்ணு வந்துதே.”

“ஓரத்துத் துண்டு! கருகினது! மரம் யாருது? தண்ணி ஊத்தினது யாரு? மரத்துல ஏறி முதுகைச் சிராய்ச்சுக்கிட்டது யாரு?”

“நீங்கதான் அபூ தன்னூஸ், நீங்கதான். கத்தாதீங்க, பிள்ளை பயப்படுறான்.”

பிள்ளை பயப்படவில்லை. சிரித்தான். அவன் அம்மா கட்சி.

என் ஆத்திரம் நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். சீமைமாதுளையைப் பச்சையாகக் கடித்தால் பல் போகும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்லுக்கு மஞ்சள் பூசினது போல ஒரு பழம். ஆனால் அதையே சர்க்கரையில் மெல்ல வேகவிட்டால் செக்கச்செவேல் என்று ஆகும். அந்த ஜாமைத் தார்த் மாவின்மேல் பரப்பி, அக்ரூட் தூவி, மேலே மாவுக் கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு வதாத் சுடுவாள் பாருங்கள். மழை பெய்து மலையெல்லாம் பனிமூட்டம் இறங்கும் அந்த நாட்களில், அந்த வாசனைக்காகவே நான் பெய்ரூட்டிலிருந்து வேனை வளைவு வளைவாக மிரட்டி ஓட்டிக்கொண்டு வருவேன். வந்து பார்த்தால் தாம்பாளம் காலி! எல்லாம் அக்கம்பக்கம் போயிருக்கும்.

“நான் என்ன வேணும்னா குடுக்கிறேன்?” என்றாள் வதாத். “அலமாரியைப் பாருங்க. ஏழு வீட்டுத் தட்டு நம்மகிட்ட கிடக்கு. நீலப்பூ போட்டது பக்கத்து வீட்டு உம் மித்ரியோடது, திராட்சை இலையில சோறு சுருட்டின தோல்மா வந்துது. இந்தக் கண்ணாடித் தட்டுல அத்திப்பழ ஜாம் வந்துது. எல்லாத்தையும் தின்னது யாரு?”

நான் காலிக் கோப்பையை எடுத்து மறுபடியும் குடித்தேன்.

“நீங்க. இப்ப தட்டை வெறுமையாவா திருப்பிக் குடுக்கச் சொல்றீங்க?”

இங்கேதான் ஐயா என் கழுத்தில் கயிறு. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டிலிருந்து தட்டில் ஒன்று வந்தால், அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது. திரும்பினால் அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள். தட்டு வரும், நிறையும், போகும். போன தட்டுக்குப் பதிலாக இன்னொரு தட்டு வரும். யார் ஆரம்பித்தார்கள் என்று கடவுளுக்கும் தெரியாது.

நான் யோசித்தேன். எதிரே லாரி வரும்போதே முந்திப்போகிறவன் நான், எனக்கா வழி தெரியாது?

“வதாத்! ஜாம் காய்ச்சுற அன்னைக்கு வீட்டுல அடுத்தவங்க தட்டே இல்லேன்னா?”

“இல்லேன்னா எதுல குடுக்கிறது? குடுக்க முடியாது.”

“ஆச்சா! இன்னைக்கே ஏழு தட்டையும் திருப்பிடறேன்.”

“வெறுமையாவா?”

“மொட்டை மாடியில பூசணி மலை மாதிரி கிடக்குல்ல? தட்டுக்கு ஒரு பெரிய கீற்று. நிறைஞ்ச தட்டுதானே? யாரு குத்தம் சொல்ல முடியும்?”

வதாத் என்னையே பார்த்தாள். கண்கள் விரிந்தன. என் மூளையைக் கண்டு மலைத்துப்போனாள் என்று நினைத்தேன்.

“ஐயோ, பச்சைப் பூசணியைப் போய்... நல்லாயிருக்காதுங்க” என்றாள், குரலில் உயிரே இல்லாமல்.

“நல்லாத்தான் இருக்கும்!”

“அந்தப் பூசணியை வெட்ட எனக்குக் கை வலிக்குமே.”

“நான் வெட்டுறேன்!”

“மேட்டுத் தெருவுக்கெல்லாம் பிள்ளையைத் தூக்கிட்டு நான் எப்படி ஏறுவேன்?”

“நீ ஏன் ஏறணும்? நான் போறேன்!”

இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. அந்தத் தட்டுகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு மாதமாக அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தப் பூசணியை மாடியிலிருந்து இறக்குங்கள், எலி வருகிறது என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதெல்லாம் அன்றைக்கு எனக்கு ஞாபகமே வரவில்லை.

பூசணிகளைச் சுமந்து இறக்கினேன். கோடாலியால் பிளந்தேன். ஏழு வீடு ஏறி இறங்கினேன். கடைசியாக உம் மித்ரி வீடு. உம் மித்ரி எங்கள் மதில் ஒட்டின பக்கத்து வீட்டுக்காரி. அறுபது வயது, ஆறு ஊருக்குக் கேட்கும் குரல்.

“மகனே, இதென்ன இவ்வளவு பெரிய கீற்று! உன் கை நல்லாயிருக்கட்டும்!”

“உங்க கையும் நல்லாயிருக்கட்டும் அத்தை. கணக்குத் தீர்ந்துது!”

“என்ன தீர்ந்துது?”

“ஒண்ணுமில்லே அத்தை, ஒண்ணுமில்லே.”

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்த்தேன். அடுத்தவர் தட்டு ஒன்றுகூட இல்லை. ஜெயித்துவிட்டேன்!

ஆனால் வதாத்தை நம்ப முடியாது. கை தாராளமான பெண். மதில் வழியாகவே ஒரு கிண்ணம் போய்விடும். ஆகவே அடுத்த அறிவிப்பு:

“ஜாமை நானே காய்ச்சுறேன். தார்த்தையும் நானே சுடுறேன். நீ அந்தப் பக்கமே வரக் கூடாது!”

“உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?” என்றாள் வதாத். சொல்லிக்கொண்டே சாய்வு நாற்காலியை அடுப்பங்கரை வாசலுக்கு இழுத்துப் போட்டு, பிள்ளையை மடியில் வைத்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

நாற்பத்திரண்டு பழம். துணியால் மேல் பஞ்சைத் துடைக்க வேண்டுமாம். தோல் சீவ வேண்டுமாம். நடுவிலிருக்கும் கட்டையைக் குடைய வேண்டுமாம். கத்தி போகவில்லை. முஷ்டியால் குத்தினேன். கத்தி வழுக்கி என் பெருவிரலைப் பார்த்தது.

“எலுமிச்சைத் தண்ணியில போடுங்க, கறுத்துடும்.”

“தெரியும்!”

“விதையை எறியாதீங்க. துணியில முடிஞ்சு பாத்திரத்துல போட்டாத்தான் ஜாம் கெட்டிப்படும்.”

“எனக்குத் தெரியாதா!”

“அது குப்பைக்கூடையில இருக்கு, எடுத்துட்டுச் சொல்லுங்க.”

எடுத்தேன். கழுவினேன். முடிந்தேன். பிறகு கிளறினேன். இரண்டு மணி நேரம். ஜாம் எரிமலை போலக் கொப்பளித்து என் முழங்கையைச் சுட்டது. விரல்கள் கறை பிடித்துப் பழைய ஆணி நிறத்துக்கு வந்தன. வாசலில் தாயும் பிள்ளையும் தூங்கிப்போனார்கள். இருவரும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு!

மறுநாள் ஞாயிறு. தார்த் நாள்.

“நான் பிள்ளையைத் தூக்கிட்டு மாதா கோயில் பூசைக்குப் போயிட்டு வந்துடறேன்” என்றாள் வதாத். “நீங்க வரலையா?”

“நான் போனா ஜாமை யாரு பாத்துக்கிறது?”

“அதுவும் சரிதான். உங்களுக்காக நான் வேண்டிக்கிறேன்.”

போய்விட்டாள். நான் மாவு பிசைந்தேன். வெண்ணெய் உருகிக் கையோடு வந்தது. கீற்று வெட்டினேன். ஒன்று தடி, ஒன்று நூல். குறுக்கே போட்டது நெடுக்கே போயிற்று. ஆனாலும் அடுப்பிலிருந்து எடுத்தபோது... என்னத்தைச் சொல்ல! மூன்று தாம்பாளம். பொன்னிற மாவு, நடுவே மாணிக்கச் சிவப்பு. வீடே மணத்தது. என் கையால்! எனக்காக!

ஒரு துண்டு வெட்டக் கத்தியை எடுத்தேன். கதவு தட்டும் சத்தம்.

உம் மித்ரி. கையில் நீலப்பூத் தட்டு. தட்டில் ஆவி பறக்கப் பூசணிக் கிப்பே.

“மகனே, நேத்து நீ குடுத்த பூசணி! உடைச்ச கோதுமை போட்டுப் பிசைஞ்சேன், உள்ளே கொண்டைக்கடலை, வெங்காயம், மாதுளைப் பாகு. பூசை முடிஞ்சு வந்ததும் சுட வெச்சேன். சாப்பிடு, சூடா இருக்கு.”

நான் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன்.

“அத்தை, நான் உங்க தட்டைத் திருப்பித்தானே குடுத்தேன்!”

“ஆமா. நிறைச்சுக் குடுத்தே. நான் வாங்கி வெச்சுக்கிட்டுச் சும்மா இருப்பேனா? என்னை என்னன்னு நினைச்சே?”

அவள் படி இறங்குவதற்குள் கண்ணாடித் தட்டு வந்தது. பூசணி அல்வா. அதன் பின்னால் பூசணி சூப். பிறகு பூசணி ஜாம். பிறகு பூசணிப் போளி. ஏழு வீட்டிலும் நான் கொடுத்த பூசணி, ஏழு தட்டில், என் மேஜைமேல் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்தது. ஒரு வாரத்துக்கு வீட்டில் யாரும் அடுப்புப் பற்ற வைக்க வேண்டாம்.

பூசை முடிந்து எல்லாருக்கும் கடைசியாக வதாத் ஆடி அசைந்து வந்தாள். மேஜையைப் பார்த்தாள். ஆச்சரியப்பட்டாள் என்று சொல்ல முடியாது.

“அடடா! ஏழு தட்டு!” என்றாள். பிள்ளையை என் கையில் திணித்தாள். கத்தியை எடுத்தாள்.

“வதாத், வேண்டாம்! பூசணியையே மறுபடியும் நிறைச்சுக் குடுப்போம்!”

“அவங்க குடுத்த பூசணியை அவங்களுக்கேவா? ஞாயித்துக்கிழமை அதுவுமா இப்படி ஒரு அசிங்கம் பண்ணச் சொல்றீங்களா?”

இரண்டு தாம்பாளம் தார்த் என் கண் முன்னால் துண்டு துண்டாகி, ஏழு தட்டில் ஏறி, படி தாண்டிப் போயிற்று. தூக்கிக்கொண்டு போனது யார் என்று கேட்காதீர்கள். மேட்டுத் தெருவுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளால் ஏற முடியாது.

மூன்றாவது தாம்பாளத்தை விடவில்லை. வீடு திரும்பியதும் அதை எடுத்து உள் அறையில் கட்டில்மேல் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். “இதைத் தொட்டா நடக்கிறதே வேற!” என்றேன்.

“யாரு தொடப் போறா? சாப்பிடுங்க என் கண்ணே. கொஞ்சம் ஆறட்டும், அப்பத்தான் துண்டு உடையாம வரும்.”

ஆறட்டும் என்று காத்திருந்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். சாயங்காலம் முன்னறையில் பேச்சுச் சத்தம். உம் மித்ரியும் அவளோடு நாலு பெண்களும். எல்லாரும் தார்த் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

“வதாத், பூசையில நீ சொன்னப்ப நாங்க நம்பவே இல்லை! ஆம்பளை கையா இது?”

“அவரேதான் அத்தை. நான் கரண்டியைத் தொடவே இல்லை.”

“இருக்காது! எங்கே, இன்னொரு துண்டு இருந்தா குடு, பாப்போம்.”

“ஐயோ அத்தை, கேக்காதீங்க” என்றாள் வதாத். குரலைத் தாழ்த்தினாள். ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிற அளவுக்குத்தான் தாழ்த்தினாள். “ஒரு தாம்பாளம் இருக்கு. அவர் தனக்குன்னு கட்டில்மேல வெச்சுக் காவல் இருக்காரு.”

முன்னறையில் ‘த்சொ, த்சொ’ என்று சத்தம் கேட்டது.

எங்கள் மலையில் ஒருவனைத் திருடன் என்று சொல்லலாம், குடிகாரன் என்றும் சொல்லலாம். கஞ்சன் என்று மட்டும் சொல்லக் கூடாது. வந்த விருந்தாளிக்குத் தெரியாமல் உணவை ஒளித்தவன் என்றால், என் வேனில் நாளைக்கு ஆள் ஏறுமா? தன்னூஸுக்கு நாளைக்குப் பெண் கிடைக்குமா?

நான் தாம்பாளத்தோடு முன்னறையில் பாய்ந்தேன்.

“யாரு ஒளிச்சா? உங்களுக்குத்தானே ஆற வெச்சிருந்தேன்! எடுங்க அத்தை!”

“வேண்டாம் மகனே, உனக்குன்னு...”

“தன்னூஸ் தலைமேல ஆணை! ஆளுக்கு ரெண்டு சாப்பிடாம யாரும் எழுந்திரிக்கக் கூடாது!”

ஆணை போட்டாகிவிட்டது. அவர்கள் என்ன செய்வார்கள் பாவம்! சாப்பிட்டார்கள். “உன் கை நல்லாயிருக்கட்டும்” என்றார்கள். ஜாம் எப்படி இவ்வளவு சிவந்தது என்று கேட்டார்கள். விதையைத் துணியில் முடிவது பற்றி நான் கால் மணி நேரம் பேசினேன். பேசியதும் நான்தான், மீதித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றி அவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பியதும் நான்தான். புகழ்ச்சி காதில் விழும்போது கை என் பேச்சைக் கேட்பதில்லை.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். தாம்பாளத்தில் ஒரே ஒரு துண்டு மிச்சமிருந்தது. அதை வதாத் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“நெசமாவே நல்லா வந்திருக்குங்க” என்றாள் வாய் நிறைய. “உம் மித்ரி வீட்டு மரத்துலயும் மூணு கூடை பழுத்திருக்காம். பாவம், அவங்களுக்குக் கை நடுக்கம். வர்ற சனிக்கிழமை நீங்க வந்து காய்ச்சித் தருவீங்கன்னு பூசையிலயே சொல்லிட்டேன்.”

“நானா?”

“ஆமா. கத்தி மட்டும் நீங்களே கொண்டு வரணுமாம்.”